எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்

ஃப்ரிட்ஜைப் பழுது பார்க்க வந்தவர் அதன் கதவை இன்னும் திறந்தே பார்க்கவில்லை. பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி அசைத்துச் சுவரை விட்டு நகர்த்தினார். பிறகு எங்கள் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்ட வைத்து, பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"கதவு ரப்பர்தான் ஒட்ட மாட்டேங்குது" என்று மறுபடியும் சொன்னேன்.

"அது எங்க ஓடிடப் போகுது மேடம், கதவோடதான் இருக்கும்" என்று தரையிலிருந்து பதில் வந்தது.

ஃப்ரிட்ஜின் பின்னால், மோட்டாருக்கு மேலே, ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. உள்ளே உருகும் பனியெல்லாம் ஒரு குழாய் வழியாக வந்து அதில்தான் சேரும். பல வருஷமாக அந்த ஃப்ரிட்ஜை வைத்திருந்த எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தளும்பாமல் அதை உருவி எடுத்து, நடையை எட்டிப் போடாமல் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், வெயில் காயும் சிமென்ட்டில் கவிழ்த்தார். சாக்கடையில் ஊற்ற மாட்டார். "தண்ணியில இருந்து தண்ணிக்கே அனுப்பி வைக்கிறதா?" என்பார். ஈரம் முழுக்க இழுத்துக்கொள்ளும் வரை குத்துக்காலிட்டுப் பார்த்திருந்துவிட்டு, பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்துத் தட்டின் ஓரங்களைத் தேய்த்தார்.

"கொட்டினா மட்டும் போதாது. கொசு முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். காஞ்சு கிடந்தாலும் சாகாது, மறுபடி தண்ணி பட்டா பொரிஞ்சுடும்." ஒரு கணம் நிறுத்தி, "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கடைசி மூன்று வார்த்தைகள் இல்லாமல் அவர் எந்தப் பேச்சையும் முடிப்பதில்லை. ஃப்ரிட்ஜ் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டாலும், மழை வருமா என்று கேட்டாலும், அவர் கடைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டாலும் இதே வால்தான். கூடவே, "எதுக்கும் இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுக்குங்க" என்பார். அவர் மனைவி என்னிடம் ஒருமுறை அலுத்துக்கொண்டார். "குழம்பு எப்படி இருக்குன்னு கேட்டேங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்லாத்தான் இருக்குன்றார். எதுக்கும் பக்கத்து வீட்லயும் கேட்டுட்டு வரட்டுமான்னேன். சிரிக்கக்கூட இல்லை."

ஒல்லியான மனிதர். நாற்பதைத் தாண்டியவர். வெயில் காலத்திலும் சட்டையின் முழுக்கையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் தரையோரமாகத்தான் மேயும். பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் சாசர், பாத்திரம் கவிழ்க்கும் கூடைக்குக் கீழே உள்ள தட்டு, ஏ.சி. குழாய் சொட்டுவதற்காக வைத்த வாளி, யாரும் புழங்காத குளியலறை. "இதைக் கவுத்துடட்டுமா மேடம்?" என்று அனுமதி கேட்டுவிட்டு அவரே கவிழ்ப்பார். புத்தி சொல்ல மாட்டார், பயமுறுத்த மாட்டார். எதிர் வீட்டுக்காரர் ஒருநாள் எரிச்சலாகி, "ஃப்ரிட்ஜ் பார்க்க வந்தியா, வீடு பார்க்க வந்தியாப்பா?" என்று கேட்டுவிட்டார். "வீடு நல்லா இருக்கு சார்" என்றபடியே குடை வைக்கும் பீப்பாயிலிருந்த தண்ணீரை வெளியே கொண்டுபோனார்.

இன்னொரு விசேஷமும் உண்டு. காய் விற்பவரிலிருந்து கேஸ் சிலிண்டர் போடுபவர் வரை எங்கள் தெருவுக்கு வரும் அத்தனை பேரும் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் மட்டும் ஆரம்பத்திலிருந்தே 'மேடம்'. ரொம்ப மரியாதைக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரை நெடுநாளாகத் தெரிந்தவர்கள், பழைய அவரை வேறு ஒரு ஆள் போலப் பேசுகிறார்கள். அந்த ஆளுக்குப் பட்டப்பெயர் 'விஞ்ஞானி'. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பாராம். தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று ஆரம்பித்தால் நிலாவில் ஏன் காற்று இல்லை என்பது வரை போகுமாம். முழங்கால் வலிக்கு எண்ணெய் சொல்வார், போனில் சார்ஜ் நிற்காததற்குக் காரணம் சொல்வார், பக்கத்துக் கடைக்காரர் மகன் எந்தப் படிப்பில் சேர வேண்டும் என்றும் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "அடிச்சுச் சொல்றேன்" என்று ஒரு முத்திரை. பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதி தப்பாகப் போனாலும் யாரும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்கச் சுவாரசியமாக இருந்தது, அவ்வளவுதான்.

விஞ்ஞானி எங்கே போனார் என்பதை ஒரு மழைக்கால மதியம் அவரே சொன்னார். என் ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டிருந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. வந்தால்தான் ஓட்டிப் பார்க்க முடியும். சமையலறை வாசலில் உட்கார்ந்து தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக்காகத்தான் கேட்டேன்: "இந்தத் தட்டு மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?"

தேநீர் ஆறி ஆடை கட்டியது. பிறகு, "எனக்கு ஒரு அக்கா இருந்தா" என்றார்.

அம்மா சீக்கிரம் போய்விட்ட வீட்டில் அக்காதான் அவரை வளர்த்திருக்கிறார். அழுக்கு என்றால் அக்காவுக்கு ஆகாது. தண்ணீர் டிரம்மை மூடி போட்டு மூடி, அதன்மேல் துணியும் கட்டுவார். வாரம் தவறாமல் பூஞ்சாடியைக் கழுவிக் கவிழ்ப்பார். மாடியில் ஒரு தேங்காய் மூடி கிடந்தால்கூடப் பொறுக்க மாட்டார். ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்திருந்தார். தம்பி ஃப்ரிட்ஜ் வேலை கற்றுக்கொண்டு சொந்தக் கடை போட்டதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. வீட்டில் பல்பு மாற்றுவதென்றாலும், "இருங்க, தம்பியைக் கேட்டுச் சொல்றேன்" என்பாராம்.

ஒருநாள் இவர் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜை நகர்த்தி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா, பின்னாடி ஒரு தட்டு இருக்கே, தண்ணி நிக்குது பாரு. அதைக் கழட்டிக் கழுவணுமா?"

"அக்கா, நீ கழுவாதது இந்த வீட்ல அது ஒண்ணுதான், அதையாவது விட்டு வை" என்று சிரித்திருக்கிறார். "அடிச்சுச் சொல்றேன், மோட்டார் சூட்டுல அது தானா காஞ்சுடும். நீ கைய வச்சு உடைச்சேன்னா அப்புறம் நான்தான் வரணும்."

அக்காவும் சிரித்தார். அதன் பிறகு அந்தத் தட்டைத் தொடவே இல்லை.

"சூட்டுல காயும் மேடம். அது நிஜம்தான். பெரும்பாலும் காஞ்சுடும்" என்று என்னிடம் சொன்னார். "ஆனா மழைக்காலம். காத்துல ஈரம். அடிக்கடி கரண்ட் போகுது. மோட்டார் ஓடலைன்னா சூடு ஏது? உள்ள இருக்கிற பனி மட்டும் உருகி உருகி இறங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். அன்னைக்கு யோசிக்கலை. பதில் சொல்ற அவசரம்."

அந்த மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, கண்ணுக்குப் பின்னால் குத்தல். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டெங்கு என்றார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, காய்ச்சல் விட்ட பிறகும் கவனமாக இருக்கச் சொல்லி அனுப்பினார். சில நாளில் காய்ச்சல் விட்டது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அக்கா எழுந்து குளித்து, சேர்ந்து கிடந்த துணியையெல்லாம் துவைக்கப் போட்டார். வயிறு வலிக்கிறது என்றார். வெறும் வயிறு, அதனால்தான் என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். வாந்தி எடுத்ததையும் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. சாயங்காலம் கை கால் சில்லிட்டுப் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே எவ்வளவோ பார்த்தார்கள். அக்கா திரும்பி வரவில்லை.

காரியங்கள் முடிந்த வாரத்தில் கொசு ஒழிப்புக்காக வீடு வீடாகச் சோதிக்க ஒரு பெண் வந்தார். டிரம்மைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்களே" என்று அவருக்கே வியப்பு. கடைசியாக ஃப்ரிட்ஜை நகர்த்தச் சொன்னார். நகர்த்தியது விஞ்ஞானிதான். டார்ச் வெளிச்சம் பட்டதும் தட்டுக்குள் தண்ணீர் முழுக்க உயிரோடு நெளிந்தது.

"இதை யாரும் கழுவலையா?" என்று அந்தப் பெண் கேட்டார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. வழக்கமாகக் கேட்கும் கேள்விதான்.

விஞ்ஞானி ஃப்ரிட்ஜைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றார். அதற்குள் பக்கத்திலிருந்து அக்காவின் கணவர் பேசினார்: "அவ கழுவணும்னுதான் சொன்னா. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

அக்காவின் மகள் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்த பெண். சுவரில் சாய்ந்து நின்றவள் அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையை விஞ்ஞானியும் பார்த்தார்.

சோதிக்க வந்த பெண் கிளம்பும்போது ஆறுதலாகச் சொன்னாராம்: "இங்க இருந்த கொசுதான் கடிச்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. தெருவுல இன்னும் எத்தனை இடத்துல இருக்கோ."

"இல்லைன்னும் சொல்ல முடியாதே மேடம்" என்றார் என்னிடம். "என் மனசு அந்தப் பக்கம்தான் சாஞ்சுது."

அத்தான் ஏன் அப்படிச் சொன்னார்? ஒருவேளை அக்கா அவரிடமும் கேட்டிருப்பாளோ, அவரும் வேண்டாம் என்று சொல்லியிருப்பாரோ? விஞ்ஞானி அந்தச் சந்தேகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதை வைத்துத்தான் தூங்கினார், அதை வைத்துத்தான் சாப்பிட்டார். அத்தானிடம் கேட்டுவிடலாம். கேட்டால் சந்தேகம் போய்விடும். அதனால்தான் கேட்கவில்லை. அத்தான் எப்போதும் போலவே பழகினார். லீவு நாளில் வருவார், "என்னடா, கடை எப்படி?" என்று விசாரிப்பார், கூடவே உட்கார்ந்து சாப்பிடுவார். இவருக்குத்தான் சோறு இறங்காது.

மகள் அப்பாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. படிப்பு முடிந்ததும் வேறு பேட்டையில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே அறை எடுத்துப் போய்விட்டாள். மாமாவிடம் மட்டும் பழைய பாசம். "மாமா, நீங்க இல்லைன்னா எனக்கு யார் இருக்கா?" என்று போனில் சொல்வாளாம். ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை உள்ளே போய் எங்கேயோ கீறும். பேசி முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். ஊரெல்லாம் போய்த் தட்டு தேய்க்க ஆரம்பித்தது அந்த வருஷங்களில்தான்.

"செத்தவளுக்காக அழறதுக்குக்கூட எனக்கு உரிமை இருக்கான்னு தெரியலை மேடம். அத்தான் அழுவார். நான் எழுந்து வெளிய போயிடுவேன்."

போன மழைக்காலத் தொடக்கத்தில் அந்த மௌனம் உடைந்தது. மகள் ஏதோ சாமான் எடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். லேசாக இருமிக்கொண்டிருந்தாள். விஞ்ஞானியும் அங்கே இருந்தார். அத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மழை முடியற வரைக்கும் இங்கயே இரேம்மா. நான் பார்த்துக்கறேன்."

அவள் பையை மூடிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்: "அம்மாவைப் பார்த்துக்கிட்ட மாதிரியா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்க்க முடியாமல்தான் தான் எழுந்ததாக விஞ்ஞானி சொன்னார்.

"அவர் இல்லம்மா. நான். உங்கம்மா என்கிட்டதான் கேட்டா. கழுவாதேன்னு நான்தான் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

அவள் மாமாவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும். அன்னைக்கே உங்கம்மா சொல்லிச் சிரிச்சா. தம்பி கேலி பண்றான்னு."

"அப்புறம் ஏன்?"

அத்தான் சட்டை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "டார்ச் அடிச்சப்ப இவன் நின்ன நிலையைப் பார்த்தேன். வீட்ல இன்னொரு சாவு வேணாம்னு தோணுச்சு. உங்கம்மா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பா."

அவள் போய் அப்பாவின் பக்கத்தில், அவர் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமாவிடம் சொன்னாள்: "இத்தனை வருஷமும் நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? நான் இவரை என்னென்ன சொன்னேன்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அன்றிலிருந்து அவள் மாமாவிடம் பேசுவதில்லை. வாரா வாரம் அப்பாவிடம் வந்துவிட்டுப் போகிறாள். அவள் வரும் நாளில் இவர் அந்தப் பக்கம் போவதில்லை.

"தட்டைப் பத்திச் சொன்னதுக்காவது தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லலாம்" என்றார். "வாயை மூடிக்கிட்டு இருந்தது? அது தெரிஞ்சுதான் பண்ணேன். அதான் அவ கோபம் இப்பதான் மேடம் சரியான வீட்டுக்கு வந்திருக்கு. இருக்கட்டும்."

மின்சாரம் வந்தது. எழுந்து போய் ஃப்ரிட்ஜின் வயிற்றில் காது வைத்துக் கேட்டார். ஓடியது. நான் ஆறிய தேநீரை வாங்கிக்கொண்டேன்.

போன வாரம், வெயில் சாய ஆரம்பித்த நேரத்தில், புதுக் கதவு ரப்பர் வந்துவிட்டதா என்று கேட்க அவர் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு நீள அறை. இரண்டு பக்கமும் கதவில்லாத ஃப்ரிட்ஜ்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நான் உள்ளே நிற்கும்போதே ஒரு சின்ன லோடு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து நரைத்த மனிதர் ஒருவர் இறங்கினார். கூடவே ஒரு இளம்பெண். வண்டியில், அறையில் தனியாக இருப்பவர்கள் வைத்துக்கொள்ளும் இடுப்பளவு ஃப்ரிட்ஜ் ஒன்று.

"குளிரவே மாட்டேங்குதுடா. வேற யார்கிட்டயும் குடுக்க எனக்கு மனசு வரலை" என்றார் அவர். அத்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அந்தப் பெண் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாம்மா" என்று அப்பா கூப்பிட்டார்.

"பரவாயில்லை. இங்கயே இருக்கேன்."

விஞ்ஞானி பெட்டியைத் திருப்பி வைத்து, குப்புறப் படுத்து ஸ்குருக்களைக் கழற்ற ஆரம்பித்தார். கடைக்குள் புழுக்கம். மேஜை மேல் ஒரு பழைய ஃபேன் தலையை ஆட்டி ஆட்டிக் காற்றை எல்லோருக்கும் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. நான் நகர்ந்து நின்று வேடிக்கை பார்த்தேன்.

வெளியே அந்தப் பெண் ஒரு காலைத் தூக்கி மற்றொரு காலின் கெண்டைச் சதையில் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் குனிந்து பட்டென்று அடித்தாள். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஸ்குரு டிரைவர் நின்றது. அவர் எழுந்தார். ஃபேனின் வயரை எட்டும் வரை இழுத்துக்கொண்டு, அதைத் தூக்கிப்போய் வாசற்படியில் வைத்தார். தலை ஆடாதபடி பின்னால் இருந்த குமிழை அழுத்தி நிறுத்தினார். முகத்தைக் கீழே சாய்த்து, காற்று அவள் கால்மேல் அடிக்கிற மாதிரித் திருப்பினார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே திரும்பி வந்து, முழுக்கைச் சட்டையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் குப்புறப் படுத்தார்.